நாலாயிரத்துப் பதினாறு அடுக்குகள்

இளமாறனின் பதினொரு வருடக் குடும்ப வாழ்க்கை, நினைவுமானியிலிருந்து பதின்மூன்று அடி நீளக் காகிதச் சுருளாக வெளியே வந்து விழுந்தது. எங்கும் ஒரு மடிப்பு இல்லை, பிசிறு இல்லை. ஒரு நாளுக்கு ஒரு கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர். மொத்தம் நாலாயிரத்துப் பதினாறு கோடுகள். ஒன்பது வருட உத்தியோகத்தில் தமயந்தி இவ்வளவு சுத்தமான அடுக்கைப் பார்த்ததில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் போலிருந்தது.

தலையில் தொப்பியும் தொப்பியிலிருந்து தொங்கும் ஒயர்களுமாக இளமாறன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அது சலூன் நாற்காலி. அரசாங்க டெண்டரில் அதுதான் மலிவாகக் கிடைத்தது.

"ஒரு தேதி சொல்றேன் சார். ஞாபகத்துக்கு வர்றதச் சொல்லுங்க. 2055, மார்ச் ஒன்பது."

"செவ்வாக்கிழமைங்க. மத்தியானம் முருங்கக்கா சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம். ஃபேன் சத்தம் போட்டுச்சு."

"வீட்டுக்காரங்ககிட்ட என்ன பேசினீங்க?"

"ரசம் பரவாயில்லன்னேன்."

காகிதத்தில் அந்தத் தேதிக்குரிய கோடு பச்சையாக மின்னியது. சொல்கிற சொல் அந்த அடுக்கிலிருந்தே வருகிறது, ஆள் இட்டுக்கட்டவில்லை என்று அர்த்தம்.

"2057, நவம்பர் ரெண்டு."

"வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிங்க. மிருதுளாவுக்கு ரெண்டாவது தங்கல. கேன்டீன்ல டீ வாங்கினேன், ஆறிப்போயிருந்துச்சு."

"அவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"பரவாயில்லன்னு சொன்னேன்." ஆறுதல் சொன்ன மனிதனின் குரலில்தான் அதையும் சொன்னான். கோடு பச்சையாக மின்னியது. தடிமன் அதே ஒரு மில்லிமீட்டர்.

ஒரு காலத்தில் வெள்ளாற்றூர்க் குடும்பநல நீதிமன்றத்துக்கு அலைபேசிப் பதிவு, குறுஞ்செய்தி, வீடியோ என்று சாட்சியங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பிறகு, யாருடைய குரலையும் யாருடைய முகத்தையும் அடுப்படியில் இருந்தபடியே செய்துவிடலாம் என்ற நிலை வந்தது. ஒரு வழக்கில் கணவன் மனைவியை அறையும் வீடியோவும், மனைவி கணவனை அறையும் வீடியோவும் ஒரே நாளில், ஒரே சமையலறையில், ஒரே காலண்டரோடு தாக்கலாயின. கடைசியில் கோர்ட்டுக்கு நம்புவதற்கென்று மிஞ்சியது மனிதனின் மண்டை ஒன்றுதான். நினைவுமானி வந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டபோது, சுண்ணாம்புக்கல் சுரங்கம் மூடி வேலையில்லாமல் இருந்த நிலவியலாளர் தமயந்தியை எடுத்துக்கொண்டார்கள். அடுக்கு அடுக்காக இருப்பதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்தி.

அடுத்து மிருதுளா வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நெற்றியில் தொப்பியின் தடம் பதியக் கூடாதென்று கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

அதே பதினொரு வருடம் அவளுக்கு ஐந்தடிக்குள் முடிந்துவிட்டது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நெளிந்து, பட்டை பட்டையாக ஓடின. நடுநடுவே சிவப்பு மணிகள் போல முடிச்சுகள்.

"2055, மார்ச் ஒன்பது."

"ரசம்," என்றாள் மிருதுளா.

"2057, நவம்பர் ரெண்டு."

"ரசந்தாங்க."

"அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்கம்மா."

"தெரியுங்க. டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கு. ஆனா ஞாபகம்னு தேடினா, கரண்டிய கையில வச்சுகிட்டு அடுப்பு முன்னால நிக்கிறேன். ரசம் நுரை கட்டுது. புளி போதுமா, உப்பு போதுமா... இன்னைக்காவது சரியா வந்துருமான்னு நெஞ்சு படபடங்குது. எந்தத் தேதி சொன்னாலும் அதுதான் வருது. பதினொரு வருசமும் ஒரே ரசமா ஆயிருச்சுங்க."

ஒரு கோடும் பச்சையாகவில்லை. ஆவதற்குத் தனிக் கோடு என்று ஒன்று இருந்தால்தானே.

தமயந்தி அறிக்கைத் தாளை எடுத்து, 'ஏற்க இயலாது' என்ற முத்திரையைக் குத்தினாள். மிருதுளா எட்டிப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்றேன்னு போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. படிக்க முடியலன்னு போட்டிருக்கேன்."

"ரெண்டுக்கும் கோர்ட்ல என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் இல்லை என்று தமயந்திக்குத் தெரியும். ஆகவே மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த இரண்டு கற்களை எடுத்து முன்னே வைத்தாள். யார் கேட்டாலும் அவள் செய்வது அதுதான்.

"இது படிவுப் பாறை. நம்மூர்ச் சுண்ணாம்புக்கல். கடலடியில ஒவ்வொரு நாளா மண்ணும் சிப்பியும் விழுந்து படிஞ்சு இறுகினது. பாருங்க, சிப்பி விழுந்தது விழுந்தபடி இருக்கு. எது முன்னால, எது பின்னாலன்னு எண்ணிச் சொல்லலாம். இதோ, பட்டை பட்டையா இருக்கே, இது உருமாறிய பாறை. இதுவும் ஒரு காலத்துல வேற கல்லுதான். பூமிக்குள்ள ஆழத்துல மாட்டிகிச்சு. சூடும் பாரமும் தாங்காம, உருகாமலே உள்ளுக்குள்ள எல்லாம் இடம் மாறிப்போச்சு. பழைய அடுக்கு அழிஞ்சுபோச்சு. இதுல சிப்பியே இருந்திருந்தாலும் இப்பத் தேடினா கிடைக்காது."

மிருதுளா பட்டைக்கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"இதுதான் கனமா இருக்கு."

"ஆமா."

"வியாழக்கிழமை விசாரணை. நான் காரணமில்லாம பிள்ளையத் தூக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டேன்னு அவர் கேஸு. காரணத்த நான் காட்டலேன்னா இதழினி அவர்கிட்டப் போயிருவா. ஒம்பது வயசு. போன வாரம் எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு, 'பரவாயில்லையாம்மா?'ன்னு கேட்டு நிக்கிறா. அடுப்பு முன்னால நான் நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க." கல்லை எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்தாள். "வர்றேங்க."

அன்று சாயங்காலம் தமயந்தி வீட்டுக்குப் போனபோது பரமசிவம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் அவர் துளைக்கருவி ஓட்டினார். அவள் பக்கத்தில் நின்று வெளியே வருகிற கல்லைப் பார்த்து நோட்டில் எழுதினாள். பன்னிரண்டு வருடம் அப்படி நின்றதில் கல்யாணம் ஆயிற்று. இன்னும் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார். கோபம் வந்தால் மட்டும் தமயந்தி.

"மேடம் முகம் சரியில்லையே. யாரு இன்னைக்கு?"

பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நறுக்கினார்.

"முத்திரையக் குத்திட்டீங்களா?"

"விதி அதுதானே."

"விதி யாரு எழுதினது?"

"நான்தான்."

எழுதியது அவள்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரம், எந்த நினைவை ஏற்கலாம், எதைத் தள்ளலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்தது சுரங்கத்து விதி. ஊருக்கு அடியில் சுண்ணாம்புக்கல் அடுக்கு. அதற்கும் அடியில் பட்டைக்கல். துளைக்கருவி மேலே இருக்கும் அடுக்கில் போகிற வரைக்கும் எழுதிக்கொண்டே வர வேண்டும். பட்டைக்கல்லைத் தொட்டதும் பரமசிவம், "கருங்கல் தட்டிருச்சு மேடம்!" என்று கத்துவார். அவள் "நிறுத்துங்க" என்பாள். நோட்டில் 'வேலைக்கு ஆகாது' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவாள். அதன் பிறகு அன்றைக்கு இருவருக்கும் வேலை இல்லை. பேச நேரம் கிடைக்கும். அதனால் அந்தப் பட்டைக்கல்லின்மேல் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதே விதியைத்தான் மனிதர்களுக்கும் எழுதிக் கொடுத்திருந்தாள். சிமென்ட் ஆலைக்குச் சரியாக இருந்தது கோர்ட்டுக்கும் சரியாக இருக்கும் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

"நீங்க நோட்டை மூடிடுவீங்க," என்றார் பரமசிவம். "நான் மூட மாட்டேன், தெரியுமா? என் நோட்டுல தனியா எழுதுவேன். இந்தக் குழியில கடைசி ஒரு அடிக்கு கருவி நுனியில மாட்டுற பிட்டு எத்தன தேஞ்சுது, மோட்டார் எவ்வளவு திணறுச்சுன்னு. ஸ்டோர்ல புது பிட்டு வாங்கணும்ல. அந்தக் கணக்க வச்சே கீழ இருக்கிற கல்லு எம்புட்டுப் பாரம் தாங்கினதுன்னு கண்ணை மூடிகிட்டுச் சொல்லுவேன். பன்னெண்டு வருசத்துல ஒரு தடவையாவது அந்த நோட்டைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேக்க மாட்டீங்க. உங்களுக்குச் சிப்பிதான் அழகு." அவர் அவரைக்காயைச் சட்டியில் கொட்டினார். "உப்பு நீங்க போடுங்க மேடம். நான் போட்டா திட்டுவீங்க."

மறுநாள் காலை தமயந்தி நினைவுமானியின் கையேட்டை எடுத்தாள். நாற்பத்தொன்றாம் பக்கம் வரை அவள் போனதே இல்லை. அங்கே, கோடுகளின் நெளிவையும் முடிச்சுகளின் அளவையும் வைத்து நினைவின்மேல் ஏறிய அழுத்தத்தைக் கணக்கிடும் முறை எளிமையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒப்பிட ஒரு பட்டியலும் இருந்தது. பொதுத்தேர்வு எழுதியவர்: ஒன்று. நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்: நான்கு. வெள்ளத்தில் வீடு இழந்தவர்: ஆறு.

மிருதுளாவின் ஐந்தடியை அளந்தாள். ஏழு வந்தது. தப்பாக இருக்கும் என்று மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் ஏழு.

இளமாறனின் பதின்மூன்று அடியை அளக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு பீரோவைத் திறந்து, ஒன்பது வருடமாக முத்திரை குத்தித் தள்ளிய சுருள்களைப் பார்த்தாள். பீரோவை மூடாமலே போய் நீதிபதிக்கு ஒரு மனு எழுதினாள்.

வியாழக்கிழமை நீதிபதி ரெஜினா மேரி மனுவை இரண்டு முறை படித்தார்.

"தமயந்தி அம்மா, இந்த விதிய எழுதினது நீங்க. அது தப்புன்னு சொல்றதும் நீங்க. சரிதானா?"

"தப்புன்னு இல்ல மேடம். பாதி."

"மீதிப் பாதியச் சொல்லுங்க."

"படிவுப் பாறையக் கேட்டா என்ன நடந்துச்சுன்னு சொல்லும். உருமாறிய பாறை அதச் சொல்லாது. ஆனா எவ்வளவு தாங்குச்சுன்னு சொல்லும். இந்தச் சிவப்பு முடிச்சு இருக்கு பாருங்க, இது சும்மா முளைக்காது. இத்தனை சூடு, இத்தனை பாரம் இருந்தாத்தான் முளைக்கும். இதப் பொய்யா உண்டாக்க முடியாது. நான் இத்தனை நாள் 'என்ன நடந்துச்சு'ன்னு மட்டுமே கேட்டேன். பதில் வரலேன்னதும் வாயை மூடிட்டேன்."

இளமாறனின் வக்கீல் தீனதயாளன் எழுந்தார். ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் வாதாட முடிந்தால் வாதாடுகிற வகை.

"மேடம், அந்தம்மாவுக்குப் பாரம் இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். என் கட்சிக்காரர் ஒரு நாள் கை நீட்டல, குரல் உசத்தல. அவருடைய நாலாயிரத்துப் பதினாறு நாளும் உண்மைன்னு மெஷினே பச்சை காட்டியிருக்கு. யாரு அழுத்தினதுன்னு கல்லு சொல்லுமா?"

"பேரச் சொல்லாது சார். எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு சொல்லும். பாரம் வந்த திசைக்குக் குறுக்கேதான் பட்டை விழும். இவங்களோடது அத்தனையும் படுக்கையா விழுந்திருக்கு. அப்படின்னா மேலேர்ந்து வந்திருக்கு. ஒரே அடியா விழுந்திருந்தா நொறுங்கியிருக்கும், நெளிஞ்சிருக்காது. இது கொஞ்சம் கொஞ்சமா, நாள் தவறாம."

"மேல என்ன இருந்துச்சு? அதச் சொல்லுங்க."

"அத நீங்கதான் தாக்கல் பண்ணியிருக்கீங்க சார். அந்தப் பதிமூணு அடி."

வக்கீல் கையிலிருந்த சுருளைப் பார்த்தார்.

"ஒரு நாள் மண்ணு யாரையும் ஒண்ணும் செய்யாதுங்க," என்றாள் தமயந்தி. "ஒரு மில்லிமீட்டர். ஊதினா பறந்துரும். ஆனா உருமாறிய பாறை மேல பாரம்னு ஏறினது வேற எது? அந்த மண்ணுதான். நாலாயிரம் நாள் மேல மேல விழுந்தா, கீழ இருக்கறது சும்மா இருக்க முடியாது. ரெண்டு காகிதத்தையும் தனித்தனியாப் படிச்சா ரெண்டும் அரைகுறை. ஒண்ணு மேல ஒண்ண வச்சுப் படிக்கணும்."

நீதிபதி சுருளை வாங்கிக் கொஞ்ச தூரம் பிரித்தார். அவன் சொல்லச் சொல்லப் பக்கவாட்டில் பதிவாகியிருந்த எழுத்தை வாசித்தார். பதவி உயர்வு கிடைத்தது என்று மனைவி சொன்னாள், பரவாயில்ல. பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், இரவெல்லாம் அவள் விழித்திருந்தாள், பரவாயில்ல. புதுப் புடவை, பரவாயில்ல. ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் பிரித்தார். பிறகு மெதுவாகச் சுற்றிவைத்தார்.

"இளமாறன், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அவன் எழுந்து நின்றான்.

"எங்கப்பா தட்டை வீசுவாருங்க மேடம். உப்பு கூடினா தட்டு, குறைஞ்சா தட்டு. சின்ன வயசுல நான் முடிவு பண்ணினேன், பொண்டாட்டிய ஒரு குறை சொல்ல மாட்டேன்னு. சொல்லலங்க. ஒரு நாளும் சொல்லல."

"ஒரு நாளும் நல்லாருக்குன்னும் சொல்லல," என்றாள் மிருதுளா, எதிர் நாற்காலியிலிருந்து, நீதிபதியைப் பார்த்தபடியே. "தட்டு பறந்திருந்தா தேதியாவது ஞாபகம் இருந்திருக்கும்."

சுருக்கெழுத்தாளர் அதையும் பதிவு செய்தார்.

இளமாறன் உட்காரவில்லை. தமயந்தியின் பக்கம் திரும்பினான்.

"அவளுக்கு ஏழுன்னு போட்டிருக்கீங்க. எனக்கு எவ்வளவுங்க?"

"உங்களுக்கு அது தேவைப்படல சார். உங்க சாட்சிய ஏற்கெனவே ஏத்துகிட்டாச்சு."

"அளந்தீங்களா, இல்லையா?"

"அளந்தேன்."

"எவ்வளவு?"

தமயந்தி நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி தலையசைத்தார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லன்னா... கம்மின்னு அர்த்தமா?"

"இல்லீங்க. சைபர்."

"பதினொரு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். பிள்ளை பொறந்துச்சு. ஒண்ணு போயிருச்சு." அவன் குரல் உயரவில்லை, அது உயர்ந்து பழக்கமில்லாத குரல். "எதுவுமே அழுத்தலையா?"

நீதிபதி அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

தீர்ப்பு அரைமணி நேரத்தில் வந்தது. மிருதுளா வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை தாயிடம் இருக்கட்டும். தகப்பன் வாரம் ஒருமுறை பார்க்கலாம். இரண்டு காகிதங்களையும் சேர்த்துப் படித்தது இந்த ஒரு வழக்குக்கு மட்டுமே பொருந்தும். மேலிடம் சம்மதிக்கும் வரை பழைய விதியே நடைமுறையில் இருக்கும்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு 'ஏற்க இயலாது' குத்தியிருக்கீங்க?" என்று நீதிபதி தமயந்தியைக் கேட்டார்.

"முன்னூத்திப் பன்னெண்டு, மேடம்."

"அத்தனை சுருளையும் மறுபடி அளந்து அனுப்புங்க. கூடவே உங்க மேல ஒரு புகாரும் எழுதிக் குடுங்க. வேற யாருக்கும் அத எழுதத் தெரியாது. மூணு நகல் வேணும்."

"சரிங்க மேடம்."

தமயந்தி தன் அறைக்குத் திரும்பி, மூன்று நகலுக்குக் காகிதம் எடுத்து வைத்தாள். 'மேற்படி தமயந்தி என்பவர்' என்று ஆரம்பித்தாள். எழுத எழுத, மேற்படி தமயந்திமேல் சொல்லக் கூடியது நிறையவே இருந்தது. இரண்டாம் பக்கம் போனபோது கதவருகில் ஆள் நிழல் தெரிந்தது. இளமாறன்.

"வெளிய இதழினியப் பாத்தேங்க," என்றான். "அம்மாகூட ஆட்டோவுல ஏறினா. டாட்டா காட்டினா. எப்பவும் போலத்தான் காட்டினா." "என்னை இன்னொரு தடவை அளப்பீங்களா? இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அலுவலக நேரம் முடிந்திருந்தது. வழக்கும் முடிந்திருந்தது. அளக்க எந்த உத்தரவும் இல்லை. தமயந்தி பேனாவை மூடிவைத்து, சலூன் நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். தொப்பியை மாட்டினாள்.

"இன்னைக்கு என்ன ஞாபகம் வருதுன்னு சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். என்ன சாப்பிட்டான் என்று சொல்லப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது, சொல் வரவில்லை. கையால் நெஞ்சுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அங்கே ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல.

இயந்திரம் ஒரு விரல் நீளக் காகிதத்தைத் துப்பியது. அதில் ஒரே ஒரு கோடு. தமயந்தி அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்.

"பச்சை வரலையே," என்றான் இளமாறன்.

"வராதுங்க. கோடு வளைஞ்சிருக்கு."

"நிறையவா?"

"கொஞ்சமா. ஆனா வளைஞ்சிருக்கு."

அவன் அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பதின்மூன்று அடியில் எங்கும் இல்லாத ஒன்று, மயிரிழை அளவுக்கு, அதில் இருந்தது.

"அப்ப இது கோர்ட்ல செல்லாதுங்களா?"

"இப்போதைக்குச் செல்லாதுங்க," என்றாள் தமயந்தி.

அவன் தலையாட்டிக்கொண்டான். காகிதத்தை நான்காக மடிக்கப் போனவன், மடித்தால் கோடு கெட்டுவிடுமோ என்று யோசித்து, மடிக்காமல், சட்டைப் பையில் இருந்த பேருந்து அட்டையின் பின்னால் நேராகச் செருகிக்கொண்டு போனான்.